கட்டின் அடியில் வைத்த விண்ணப்பம்

அந்தக் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ரூல்ஸ் அக்கா. ஆள் சேர்ப்பது, லீவு, சுற்றறிக்கை எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனவள் இல்லை. கேண்டீனில் டீ ஆறிப்போயிருந்தால்கூட, “ரூல்ஸ் அக்காகிட்ட எழுதிக் குடுங்கப்பா” என்று கிண்டல் செய்வார்கள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி அங்கே உலை வேலைக்கு விண்ணப்பம் போட்டான். அக்கா உள்ளே இருக்கிறாள், அதனால் தம்பி நுழைந்துவிட்டான் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று, அவன் விண்ணப்பத்தை உருவிக் கட்டின் அடியில் வைத்தாள். வேலை கிடைத்தது, நான்கு நாள் தாமதமாக. அந்த நான்கு நாளுக்குள் புது மாதம் பிறந்துவிட்டது. அந்த மாதம் முதல் சேருகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது என்று மேலிடத்திலிருந்து திடீரென உத்தரவு வந்தது. அப்படி ஒன்று வரப்போவது அவளுக்கே தெரியாது. அவளுக்குப் பென்ஷன் உண்டு, தம்பிக்கு இல்லை என்றாகிவிட்டது. அவன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் கம்பெனிக்கே வேறு தலைவலி. உலைக்கு வருகிற இளசுகள் ஆறு மாதம் வேலை பழகி, கை படிந்ததும் போட்டிக் கம்பெனிக்கு ஓடினார்கள். ஒவ்வொருவனும் பழகி முடிப்பதற்குள் உடைந்த பாட்டில்கள் மலையாய்க் குவிந்தன. பழைய பென்ஷனைத் திரும்பக் கொண்டுவந்தால் ஆள் நிலைப்பான் என்று மேனேஜருக்குத் தோன்றியது. சாதக பாதகத்தை எழுதித் தரச் சொல்லி அவள் தலையில் கட்டினார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை, ஆசையில். தம்பிக்கு ஐம்பத்து மூன்று வயது. பழைய சர்வீஸையும் சேர்த்துக்கொண்டால் அவனுக்கும் உயிர் உள்ளவரை மாதாமாதம் ஒரு தொகை வரும். அடியில் வைத்ததை இப்போதாவது எடுத்து மேலே வைத்துவிடலாம்.

சாதகத்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். பாதகத்தில்தான் பேனா நின்றது. பென்ஷன் நிதியில் இன்றைக்குக் குறைவில்லை. நாளைக்கு வட்டி இறங்கினால் துண்டு விழுவதைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். முதலாளியே மாறினாலும் கொடுத்த வாக்கு மாறாது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கையைக் கடித்தவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பழைய வருஷங்கள் ஏராளம், பணம் சேர்க்க மிச்சமிருந்த காலமோ கொஞ்சம். வேறு விடை வராதா என்று மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை.

மேனேஜர் அந்த வரியைப் பேனாவால் தட்டினார்.

“இவங்களையும் சேர்த்தா போர்டு ஒத்துக்குமாம்மா?”

“ஒத்துக்காது சார்.”

“விட்டுட்டா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். இவள் ரூல்ஸ் அக்கா.

“ஒத்துக்குவாங்க சார்.”

“இந்த வயசுல அவங்க எங்க போகப்போறாங்க? பென்ஷன் குடுக்கலன்னாலும் இருக்கத்தானே போறாங்க.”

“ஆமா சார்” என்றாள். சீட்டுக்குத் திரும்பி, ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று தன் கையாலேயே சுற்றறிக்கையை எழுதினாள்.

பிறர் வாயால் அவன் கேட்கக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை வரை சூட்டுத் தழும்பு ஏறிய கைகளில் தாளைத் தூரப் பிடித்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தான்.

“நல்ல விஷயம்க்கா. இனிமே பசங்க ஓட மாட்டானுங்க. நானும் யாருக்காவது ஒழுங்கா வேலை கத்துக்குடுக்கலாம்.”

“உனக்கு இல்லடா.”

“அதான் படிச்சேனே.”

தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இதை யாருக்கா எழுதினது?”



“நான்தான்.”

“நெனச்சேன். ஒரே தடவையில புரிஞ்சிடுச்சு, நீ எழுதினா அப்படித்தான்” என்று தாளை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தான். அவன் எதிரில் அழக் கூடாது என்று வந்தவள், அழுதுவிட்டாள்.