அப்பாவு மூடிய புட்டி

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தகரக் கொட்டகை ஒன்றில் நடந்துவந்த வாசனைச் சரக்குக் கம்பெனியில் அப்பாவு ஸ்டோர்கீப்பர். தற்காலிக ஸ்டோர்கீப்பர் என்று திருத்திச் சொல்வதே நியாயம். நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு முன்னால் தொடங்கிய இந்தத் தற்காலிகம், இரண்டாவது தேர்தல் முடிந்த பிறகும் தீர்ந்தபாடில்லை. ஆரம்பாக்கத்தில் அவருடைய மாமனாருக்கு மொத்தம் மூன்று மாப்பிள்ளைகள். ஒருவர் ரயில்வே மாப்பிள்ளை, ஒருவர் தபால் மாப்பிள்ளை. அப்பாவு 'டெம்பரவரி மாப்பிள்ளை'. பந்தியில் தம் இலைக்கு மட்டும் கரண்டி சீக்கிரம் நிமிர்ந்துவிடுவதாக அவருக்கு நெடுநாள் சந்தேகம்.

கடவுள் அவருக்கு ஒரே ஒரு வித்தையைக் கொடுத்திருந்தார். மூடுவது. பொன்னேரி நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டப் புட்டிகளுக்குத் தக்கை அடித்துப் பழகிய கை அது. தக்கையை வெந்நீரில் ஊறவைத்து, மரச்சுத்தியால் இறக்கி, கம்பி முறுக்கி, மேலே அரக்கு உருக்கி ஊற்றுவார். அதன்பின் அந்தப் புட்டி மூடியிருக்கிறது என்று சொன்னால் போதாது, நல்லடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறக்க அவர் மனைவி பக்கத்துத் தெருக் கொல்லரை அழைக்க வேண்டியிருந்தது. அப்பாவு இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கம்பெனியின் தொழில், எலுமிச்சம்புல் எண்ணெயை ரோஜா வாசனையாக மாற்றிச் சோப்புக்காரர்களுக்கு விற்பது. புல் ரோஜாவாக வேண்டுமானால் அதற்குக் கொஞ்சம் ஹைட்ரஜன் ஊட்ட வேண்டும். வேதியியலில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர். ஊட்டுவதை ஏன் ஒடுக்கம் என்கிறீர்கள் என்று கேட்டால் கெமிஸ்ட் துளசிராமனுக்குக் கோபம் வரும். பட்டணத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் அவர், ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையைப் படித்துவிட்டு, மழைக்கோட்டுத் துணிக்குப் பூசும் சிலிக்கான் எண்ணெயைக் கொஞ்சம் வரவழைத்திருந்தார். அந்த எண்ணெயில் ஒவ்வொரு சிலிக்கானும் ஒரு ஹைட்ரஜனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும். வெள்ளீய மருந்து ஒரு சிட்டிகை சேர்த்துக் கேட்டால், மறுபேச்சில்லாமல் புல் எண்ணெய்க்குக் கொடுத்துவிடும். ஈரம் பட்டதும் தீப்பிடிக்கிற முரட்டு மருந்துகளோடு ஒப்பிட்டால் இது பசு.

"ஆனா காரம் பட்டா மட்டும் ஹைட்ரஜனக் காத்துல விட்டுடும். அதனால மூடிய லேசா வைங்க, அப்பாவு" என்று துளசிராமன் சொல்லியிருந்தார்.

அப்பாவுவுக்கு அந்த வாக்கியத்தில் 'லேசா' என்பது மட்டும் காதில் விழுந்தது. அது அவரைக் குத்தியது.

முதலாளி ஷேக் தாவூத் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். மழைக்கோட்டு எண்ணெயில் ரோஜா பூக்கும் என்பதை அவர் நம்பவில்லை. நேரில் வந்து பார்த்து, எண்ணெய் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகவும், அன்றைக்கே அப்பாவு விஷயத்தையும் தீர்த்துவிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நாளும் வந்தது. அந்த மழைக்கோட்டு எண்ணெயின் மாதிரிப் புட்டியைத் தம் கையாலேயே தயாரிப்பதென்று அப்பாவு முடிவு செய்து, புட்டி கழுவும் கங்கம்மாவிடம் போனார்.

"பளபளன்னு ஒண்ணு குடு. மொதலாளி பாக்கப் போறாரு."

"சாம்பலு போட்டுத் தேச்சது நைனா, மூஞ்சி பாத்துக்கலாம். இன்னும் ஒருவாட்டி அலசணும். ஈரம் வேற கீது."

"அலசிக்கினு இருந்தா ஆவுமா? வண்டி வந்துக்கினே கீது!"

சாம்பலும் ஒரு காரம்தான் என்பதை அந்தக் கொட்டகையில் அறிந்தவர் ஒருவரே. அவர் அப்போது முதலாளிக்கு மாலை வாங்கப் போயிருந்தார். அப்பாவு எண்ணெயை ஊற்றினார். தக்கை, சுத்தி, கம்பி, அரக்கு. முதலாளி பார்க்கும் புட்டியை லேசாக மூடுவதா? அதற்கு அவர் கை வளையாது.

ஷேக் தாவூத் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், கொட்டகையைச் சுற்றினார், மேசை முன்னால் உட்கார்ந்தார். வெயிலில் மின்னிய புட்டியை நோக்கிக் கை நீட்டினார். கை போய்ச் சேர்வதற்குள் புட்டி தானாகவே திறந்துகொண்டது. வெடிச் சத்தத்தோடு தக்கை கூரைத் தகரத்தில் மோதிக் கீழே விழுந்தது. முதலாளியின் வெள்ளைச் சட்டையில் பாதி, மழைக்கோட்டு ஆயிற்று.

"அடுப்ப அணைங்க!" என்று கத்தி ஜன்னல்களைத் திறந்துவிட்ட துளசிராமன், திரும்பும்போது வேறு மனிதராக இருந்தார். "பாத்தீங்களா பாய்? எவ்வளவு ஹைட்ரஜன்!"

முதலாளி சட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "யா அல்லா! இத்தினி சத்தா இதுக்குள்ள? சரி, வாங்கிரலாம். ஆனா மூடி இன்னாத்துக்குப் பறந்துச்சு?"

"நான்தான் லேசா வைக்கச் சொல்லியிருந்தேன். லூசா இருந்துது, பறந்துடுச்சு."

இந்த விஞ்ஞானம் முதலாளிக்குத் திருப்தியாக இருந்தது. "அப்ப அப்பாவு சொன்னபடி நடந்துக்குற ஆளு. இன்னியிலேந்து பர்மனெண்ட்."

அப்பாவு செய்ய வேண்டியது ஒரு கும்பிடு. கைகள் மார்பு வரை எழுந்தன. ஆனால் 'லூசா' என்ற சொல் காதிலேயே தங்கிவிட்டது. அவர் குனிந்து தக்கையை எடுத்தார்.

"மொதலாளி, கம்பிய பாருங்க, அறுந்து கீது. அரக்கு தூள் தூளா கீது. லூசா மூடுறவன் கம்பி கட்டுவானா? இது நான் மூடுனது. நல்லா மூடுனது."

"நான் லேசா வைக்கச் சொன்னேனே!" என்றார் துளசிராமன்.

"சொன்னீங்க சார். என்னால முடியல."

முதலாளி தாடியைத் தடவினார். "பேச்சு கேக்காதவன ஸ்டோர்ல வெக்க முடியாது. ஆனா பர்மனெண்ட்னு நாலு பேர் முன்னால சொல்லிட்டேன். சொன்னத மாத்துற பழக்கம் எங்க ஊட்டுல கெடயாது. மூடி இல்லாத எடமா பாத்து ஒரு வேல குடுங்க."

மறுநாள் காலை, புட்டி கழுவும் தொட்டியருகே கங்கம்மா அவரிடம் தேங்காய் நாரையும் ஒரு கூடை மணலையும் நீட்டினாள். "சாம்பலு தொடக் கூடாதாம். உன்னாலதான் நைனா." மணலிலும் சிலிக்கான்தான் இருக்கிறது என்று துளசிராமன் ஒருமுறை சொல்லியிருந்தார்; ஆனால் அதனிடம் கேட்டு வாங்க எதுவும் மிச்சமில்லையாம்.

"மருவாதியா பேசு" என்றார் அப்பாவு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. "நான் பர்மனெண்ட். நீ இன்னும் டெம்பரவரிதான?"

"ஆமா நைனா" என்றாள் கங்கம்மா. "பர்மனெண்டு, அந்தத் தொட்டித் தண்ணிய மாத்து."