கண்ணாடித் தட்டில் இறந்த செல்கள்

2006-ஆம் ஆண்டு தொடங்கியபோது நான் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் துறைத் தலைவர். என் பணிக்காலத்தில் தவறு செய்ததாக என்னிடம் எவரும் ஒருமுறைகூட விளக்கம் கேட்டதில்லை.

அவ்வாண்டு எங்கள் ஆய்வகத்தில் நித்தியகல்யாணி இலையிலிருந்து பிரித்தெடுத்த சாறு, கண்ணாடித் தட்டில் வளர்த்த கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. செய்தி அவ்வளவே. தட்டில் இறப்பது உடலிலும் இறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நாளிதழோ, புற்றுநோய்க்கு மருந்து கண்ட பேராசிரியர் என்று என் படத்துடன் வெளியிட்டது. மறுப்பு எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை, அந்த இதழில் எட்டுப் படிகள் வாங்கினேன்.

அந்த ஞாயிறன்று செம்மண்டலத்தில் இருந்த என் வீட்டிற்குத் தெருக்காரர்கள் பொன்னாடையுடன் வந்திருந்தனர். குறிஞ்சிப்பாடியிலிருந்து என் தங்கையும் அவள் கணவரும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். பல மாதங்களாக அவளுக்கு இரத்தப்போக்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகும், அண்ணனிடம் சொல்லக்கூடிய நோயன்று என்று மறைத்திருந்தாள்.

“மச்சான், ஆஸ்பத்திரில கரண்டு வைக்கணும்ங்கறாங்க. ஊட்லயே மருந்த வச்சிக்கினு நாங்க எதுக்கு அலையணும்?” என்று சிரித்தார் தங்கையின் கணவர். கதிர்வீச்சுச் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

“சார் இருக்கும்போது ஒங்களுக்கு இன்னா கவல? குடுத்து வச்சவங்க!” என்றார் பொன்னாடை கொண்டுவந்தவர்.

சமையலறை நிலையைப் பிடித்தபடி தங்கை கேட்டாள்: “அண்ணே, அந்தச் செடி எங்க கெணத்தடியில மண்டிக் கெடக்குது. அப்ப கரண்டு வைக்க வாணாமா?”

அத்தனை ஆண்களுக்கு நடுவே அவளது கருப்பையைப் பற்றிப் பேச எனக்குக் கூசியது. போர்த்தியிருந்த பொன்னாடையும் தோளில் இருந்தது. அவள் கேள்வியை ஒதுக்கிவிட்டு, தாவரங்களிலிருந்து இதற்குமுன் கிடைத்த மருந்துகளைப் பற்றி அரைமணி நேரம் எல்லோருக்கும் விளக்கினேன். அவள் ஒரு மாணவியைப் போல் தலையசைத்துக் கேட்டாள்.

நான்கு மாதம் இலையை அவித்துக் குடித்தாளாம். மீண்டும் மருத்துவமனைக்குப் போனபோது நோய் ஈரல்வரை பரவியிருந்தது. அடுத்த தை மாதம் இறந்தாள்.

அதன்பின், கரண்டு வைக்க வாணாமா என்ற அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முகம் கழுவும்போது கேட்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஒருநாள் பாடத்தின் நடுவே, “வைக்கணும், போய் வச்சிக்க” என்று உரக்கச் சொல்லிவிட்டேன். மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தனர். தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்தேன். பணி ஓய்வு பெற்றபின், இந்த 2012-இலும் அது ஓய்ந்தபாடில்லை.

நானே மருந்து கொடுத்துக் குடிக்கச் சொன்னதாகக் குறிஞ்சிப்பாடி உறவினர்கள் பேசிவருகின்றனர். அது உண்மையன்று. என் வீட்டிலிருந்து ஓர் இலைகூடப் போகவில்லை. குடி என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போ என்றும் சொல்லவில்லை.