தட்டியைக் கழற்றச் சொன்ன சட்டம்

கலியாணம் முடித்து அக்குறணையிலிருந்து கண்டிக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. மாட்டுக் கரத்தைகளுக்கு நடுவே மோட்டார் பஸ்களும் ஓடத் தொடங்கியிருந்த காலம். கீழே என் கணவருடைய புடவைக் கடை, மேலே வீடு. தெருப்பக்கமாக ஒரு விறாந்தை இருந்தது. அதை இடுப்பளவிலிருந்து கூரை வரைக்கும் மரச்சட்டத் தட்டியால் அடைத்திருந்தார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்கள் குடியிருந்த மேல்வீடுகள் எல்லாம் அப்படித்தான். உள்ளே நிற்பவள் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவர்களுக்கு அவள் தெரியமாட்டாள்.

பகல் முழுக்க அவர் கடையில். அவருடைய தாய், என் மாமி, நோயோடு கட்டிலில். சோறு கறி ஆக்கி முடிந்தால் பேச ஆளில்லை. அக்குறணையில் வீடு நிறையச் சனம். இங்கே என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. வேலை முடிந்ததும் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

எதிர்மாடியில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரின் குடும்பம். குடும்பம் என்றாலும் அவரும் மனைவியும்தான். அந்த அக்கா விறாந்தையில் இருந்து அரிசி புடைப்பார். தெரு ஒடுக்கம், கதைத்தால் கேட்கும். ஒருநாள் தலையை நிமிர்த்தி, "உள்ளுக்கை நிக்கிறது ஆர், புதுப்பெண்ணோ?" என்று கேட்டார். கீழே ஆம்பிளைகள் இருக்கும்போது நான் எப்படிக் குரல் கொடுப்பது? சட்ட இடுக்கால் விரலை மட்டும் நீட்டி ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து, கடைக்காரர்கள் உண்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரம் எங்களுடையது. அக்கா கதைப்பார், நான் விரலால் ஆம், இல்லை சொல்வேன். ஊரிலிருந்து கடிதம் வராதது, கண்டிக் குளிரில் கால் வெடித்தது, கிளாக்கரின் குறட்டை, எல்லாம் சொல்வார். "இண்டைக்கு மஞ்சள் அரைச்சிருக்கிறீர், விரலே சொல்லுது" என்பார். ஒரு தரம்கூட அவர் என் முகத்தைக் கண்டதில்லை. கண்டி முழுவதிலும் எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

பிறகு நகரசபைக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து தெருவை அளந்தார்கள். புத்தரின் பல் இருக்கிற மாளிகாவைக்குப் போகிற வழியாம், வெளிநாட்டார் நடந்து பார்க்கிற தெருவாம். அதனால் வீட்டு முகப்பெல்லாம் பழைய கண்டி மாதிரியில், ஒன்றுபோல இருக்கவேண்டுமாம். திறந்த விறாந்தை, மரத்தூண், கூரைக்கு வளைந்த பீலி ஓடு. தகரம் கூடாது, தட்டி கூடாது.

கணவர் கீழே, அளக்க வந்த ஓவசியரிடம் கெஞ்சியது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. "வீட்டுல பொம்பளையள் ஈக்கிறாங்க, ஐயா."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், முதலாளி."

வெள்ளைக்காரத் துரைமார் சாமான் வாங்கும் பெரிய கடையின் முகப்பில் சிவப்புக் கோடு போட்ட சீலை தொங்குகிறதே என்று இவர் கேட்டார். அது வெயிலுக்காம், சுருட்டி வைக்கலாமாம். அப்படியென்றால் நானும் சீலை கட்டுகிறேன் என்றார். கட்டலாம், ஆனால் விறாந்தையின் இடுப்பளவுக் கைப்பிடிவரைக்கும் இறக்கக்கூடாது என்று பதில் வந்தது. அவ்வளவு உயரத்தில் தொங்குகிற சீலை யாரை மறைக்கும்?

மாமி கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்: "கண்டி ராசாட காலத்துல நம்மளப் போல சனத்த ஓடு போட விடல்லயாம். இப்ப ஓடு போடாட்டி விடமாட்டாங்களாம். எந்நாளும் ஆராச்சும் நம்மட கூரயப் பாத்துட்டே ஈக்கிறானுவள்."

ஒரே சட்டம் என்றது பொய்யில்லை. எதிர்வீட்டில் முன்தகரத்தைக் கழற்றினார்கள், அந்த அக்காவுக்குக் கொஞ்சம் வெயில் அடித்தது. எங்களுக்கு விறாந்தையே போய்விட்டது. தெருவில் நின்று மேலே பார்த்தவர்கள் போட்ட சட்டம் அது. மேலே வந்து நின்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். தெரு நல்ல வடிவாகிவிட்டது என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம்.

தட்டியைக் கழற்றிய அன்று அவர் விறாந்தைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். "இனித் தொறக்காத புள்ள, சனம் பாக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் கவலைதான்.

கொஞ்ச நாள் பொறுத்தேன். மத்தியானங்களில் அந்த அக்கா இருமுகிற சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும். ஒருநாள் மாமி உறங்கியதும் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசற்படியைத் தாண்டவில்லை. அக்கா சுளகோடு இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விருந்துக்கு வந்த ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல மரியாதைக்கு ஒரு சிரிப்பு. பிறகு கழுத்தை நீட்டி எனக்குப் பின்னால் தேடினார்.

"அந்தப் பிள்ளை உள்ளுக்கை நிக்கிறாவோ?" என்று என்னிடமே கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரத்தைக்காரர் இரண்டு பேர் சத்தம் கேட்டு மேலே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். அக்கா இன்னொரு தரம் கூப்பிட்டார், யாரோ விருந்தாளிப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல.

எத்தனை மாதம் போனதோ தெரியாது. இருமல் கேட்காததை, மழை விட்டுவிட்டது, சுகமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உண்ணும்போது கணவர் பேச்சுவாக்கில் சொன்னார், எதிர்வீட்டுக் கிளாக்கருக்கு வேறு ஊருக்கு மாற்றம் கிடைத்து, வீடு சும்மா கிடக்கிறதாம்.

"எப்பயாம்?" என்றேன்.

"அது போன மாசமே போய்ட்டாங்க. ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லி, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.