சோபாவுக்குள் போன மேனேஜர்

எங்கள் தெரு சலூனில் போய் உட்கார்ந்தால், கழுத்தில் துணி போர்த்துவதற்கு முன்பே இந்தச் செய்தியைச் சொல்லிவிடுவார்கள். சோபாக்காரர், தன் மகள் மேல் இருந்த கோபத்தில், ஆசையாக வளர்த்த கிழப் பூனைகள் இரண்டையும் உயிரோடு ஒரு சோபாவுக்குள் வைத்துத் தைத்து, யாரோ ஒரு அம்மா தலையில் கட்டிவிட்டாராம். ஷேவிங் முடிவதற்குள் இரண்டு பூனை நான்காகிவிடும். பவுடர் போடும்போது அதில் ஒன்று குட்டியும் போட்டிருக்கும்.

நம்பாதீர்கள். நடந்தது வேறு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த சோபாவின் ஒரு முனையைத் தூக்கி என் லோடு வண்டியில் ஏற்றியவன் நான். "என்னண்ணே, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டவனும் நான்தான்.

சோபாக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. கீழே கடை, மாடியில் ஒரே ஒரு அறை. பழைய சோபாவைக் கொடுத்தால் எலும்பு மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் உரித்துப் போட்டு, புது ஸ்பாஞ்ச், புதுத் துணி போட்டுத் தருவார். அந்தக் காலத்தில் வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு அடித்தவர். இப்போது பின் அடிக்கிற மெஷின் வந்துவிட்டது. ஆனால் பேச்சு மட்டும் இன்னும் ஆணி கவ்விய வாயிலிருந்து வருவது போலத்தான் வரும்.

பூனைகள் அவர் மனைவி கொண்டுவந்தவை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அட்டைப் பெட்டியில் அண்ணனும் தங்கையுமாக வந்தன. அந்த அம்மா போய் ஆறு வருஷமாகிறது, பூனைகள் இருக்கின்றன. ஆண் பூனைக்கு மேனேஜர் என்று பேர். வேலை முடிந்த குஷன் ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிடும். இப்போது காது சுத்தமாகக் கேட்காது. பெண் பூனை டைப்பிஸ்ட். எந்த மெத்தையைக் கண்டாலும் முன்கால் இரண்டாலும் விடாமல் டைப் அடிக்கும். அதற்குச் சிறுநீரகம் கெட்டு, காலையும் மாலையும் மாத்திரை.

போன மழைக்கு மாடிப்படியில் வழுக்கி விழுந்து சோபாக்காரருக்கு முட்டி போய்விட்டது. மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, மாசக் கடைசிக்குள்ள என் வீட்டுக்கு வந்துடணும். கடைக்கு வேணும்னா பகல்ல வந்துட்டுப் போங்க. அடுத்த தடவ விழுந்தா யாரு தூக்குவா? மேனேஜரா?"

"இதுங்கள எங்கம்மா விடறது?"

"யாராவது நல்லவங்களா பாத்துக் குடுங்கப்பா. எனக்கு மட்டும் ஆசையா? போன தடவ பாப்பா இங்க வந்துட்டு மூச்சு விட முடியாம கெடந்தாளே, பாத்தீங்கல்ல?"

பார்த்தவர்தான். ஐந்து வயதுப் பேத்தி. பூனை முடி பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் அவர் பதில் பேசவில்லை. மேனேஜரும் பேசவில்லை, அதற்கு விஷயமே காதில் விழவில்லை.

அன்றிலிருந்து என் வண்டியில் பூனைக்கு வீடு தேடி அலைந்தோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இவ்வளவு கேள்வி கேட்க மாட்டான். இரண்டையும் பிரிக்கக் கூடாது, மாத்திரையை மீனுக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், கதவைச் சாத்தி வைக்கக் கூடாது.

முதலில் பேக்கரிக்காரர். "எலி புடிக்குமா?" என்றார்.

"புடிக்காது. எலி வந்தா கொஞ்சம் நகந்து எடம் குடுக்கும்" என்றார் இவர்.

அது அதோடு முடிந்தது. அடுத்து ஒரு இளம் ஜோடி. டைப்பிஸ்ட் மட்டும் போதும், கிழவன் வேண்டாம் என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது, ஊருக்கு வெளியே ஒரு பூனைக் காப்பகம். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம், இன்றைக்கே கொண்டு வாருங்கள் என்றார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவர் குனிந்து கூண்டுக்குள் கிடந்த மெத்தையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"ஸ்பாஞ்ச் செத்துப்போச்சு. எழும்பல பாரு. வா போலாம்."

"அண்ணே, வேணாங்கறவன்மேலயும் கோவம், வேணுங்கறவன்மேலயும் கோவம். குடுக்கணுமா வேண்டாமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"எனக்கே தெரியலடா. பேத்தி மூஞ்சியப் பாத்தா குடுக்கணும்னு தோணுது. வீட்டுக்கு வந்து இதுங்க மூஞ்சியப் பாத்தா பேத்திய மறந்துடறேன். ரெண்டு பக்கமும் நான் நல்லவன் இல்ல."

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த சோபா முடிந்தது. ரிட்டயர்டான ஒரு நர்ஸம்மாவுடையது, மூன்று பேர் உட்காருகிற சோபா. கடைசி வேலை எப்போதும் அடித்துணி. சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழ்ப்பக்கத்தை ஒரு கறுப்புத் துணியால் மூடிச் சுற்றிலும் பின் அடிப்பார். மூடுவதற்கு முன் உள்ளே கையை விட்டு, மூலை மூலையாகத் தடவிப் பார்ப்பார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கத்தரிக்கோலை உள்ளே வைத்து மூடி, ஒரு வக்கீல் அதன்மேல் உட்கார்ந்து எழுந்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

மத்தியானம் சோபாவை நர்ஸம்மா வீட்டில் இறக்கிவிட்டு நாங்கள் கடைக்குத் திரும்பினால், மேனேஜரைக் காணோம். டைப்பிஸ்ட் வாசலில் நின்று கத்துகிறது. பரண், மாடி, பக்கத்துக் கடை எல்லாம் தேடினோம். அதற்குள் போன் வந்தது. நர்ஸம்மா.

"உங்க சோபா கத்துதுங்க."

"புது ஸ்பிரிங்மா. நாலு நாள் உக்காந்தா சரியாயிடும்."

"ஸ்பிரிங் மியாவ்னு கத்துமா?"

சோபாக்காரர் போனைக் கீழே வைத்தார். பிறகு அந்த முட்டியை வைத்துக்கொண்டு என் வண்டியில் எப்படி ஏறினார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

போய் சோபாவைக் கவிழ்த்து, ஒரு பக்கத்துப் பின்னை மட்டும் பிடுங்கினோம். மேனேஜர் ஸ்பிரிங்குக்கு நடுவிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. காது கேட்காததால் மெஷின் சத்தத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவே இல்லை. சோபாவை நிமிர்த்தினோம். ஏறி உட்கார்ந்து, பார்த்துவிட்டு, தூங்கிவிட்டது.

நர்ஸம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "வயசான பூனைங்களுக்கு வீடு தேடறீங்கன்னு உங்க வண்டிக்காரர் சொன்னாரு. இது இருந்துட்டுப் போகட்டுமே. மாத்திரை குடுக்கறதுன்னா எனக்குப் பழக்கம்தான்" என்றார்.

"மாத்திரை இதுக்கு இல்லம்மா, இது தங்கச்சிக்கு."

"அப்ப அதையும் கூட்டிட்டு வாங்க."

நான் சோபாக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஆம் என்று சொல்வார், இல்லையென்றால் ஸ்பாஞ்ச் சரியில்லை என்பார் என்று நினைத்தேன். ஆனால் அது அவரே போட்ட ஸ்பாஞ்ச், என்ன குறை சொல்ல முடியும்? "அடித்துணியில பின் சரியா ஒக்காரல. நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பூனையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் அடித்துணி பார்க்கப் போகும்போது டைப்பிஸ்டைக் கூடையில் கொண்டு போனார். "கடையில தனியா கத்திட்டு கெடக்கும்" என்றார். சாயங்காலம் கூடை காலியாக வந்தது. மாதக் கடைசியில் மகள் வீட்டுக்கும் போய்விட்டார்.

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று மாதமாகிறது. தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் அந்த சோபாவை ரிப்பேர் செய்யப் போகிறார். அடித்துணி மட்டும் நான்கு தடவை மாற்றியாகிவிட்டது. அவருக்குக் குறை கிடைக்காத நாளில் நர்ஸம்மாவே எடுத்துக் கொடுக்கிறார், "இந்தக் காலு லேசா ஆடுற மாதிரி இருக்குங்க" என்று. ஒரு மாத்திரை இவர் கொடுப்பது, ஒரு மாத்திரை அந்த அம்மா கொடுப்பது. மாலையில் கடையில் சட்டை மாற்றி, நான் டேப்பை ஒட்டி ஒட்டி அவர் மேலிருக்கிற முடியையெல்லாம் எடுத்த பிறகுதான் பேத்தியிடம் போவார். பாப்பா நெஞ்சு இப்போது விசில் அடிப்பதில்லை.

"சரிண்ணே, பூனையக் குடுத்துட்டீங்களா, இல்ல இன்னும் உங்களுதா?" என்று நேற்று வண்டியில் கேட்டேன்.

"அந்தம்மாவும் கேட்டாங்க. தெரியலன்னுட்டேன்." பிறகு அவராகவே ஆரம்பித்தார். "அன்னைக்கு நான் உள்ள கைய விட்டுப் பாக்கலடா. முப்பது வருஷத்துல அந்த ஒரு நாள்தான். ஏன் பாக்கல? நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், புடிபட மாட்டேங்குது. அது காணாமப் போனதும் மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அர நிமிஷம். அப்பறம்தான் தேடவே ஆரம்பிச்சேன்."

பேச்சை மாற்றலாம் என்று சலூன் கதையை எடுத்துவிட்டேன். கோபத்தில் இரண்டு பூனையையும் சோபாவுக்குள் வைத்துத் தைத்துவிட்டாராம் என்று. அதை சலூனில் முதலில் சொன்னவன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது இப்போது எதற்கு?

சோபாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு இல்ல, ஒண்ணு. கோவத்துல இல்ல, வேற எதுலன்னு எனக்குத் தெரியாது. அப்பறம், சோபா அடித்துணிய எவனாவது தைப்பானாடா? பின் அடிச்சேன். போய்ச் சொல்லு."