வெள்ளிக்கிழமைகளில் உறைந்த கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் மானகிரிப் பக்கம் ஒரு நூல் ஆலை அலுவலகத்தில் எடுபிடியாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்க வராது. அதனாலேயே கம்ப்யூட்டர் அறையில் போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் அந்தத் தூசியில்லாத குளிர் அறையில் என் இளைப்பு நோய் அடங்கியிருந்தது.

தினமும் காலையில் ஆலை விவரங்களை ஒரு தனி டிஸ்க் பெட்டியில் நகல் எடுப்பார்கள். அந்தப் பெட்டியோடு பேசக் கம்ப்யூட்டருக்குள் டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம். நகல் முடிந்ததும் அதை நீக்கிவிட்டுப் பெட்டியைக் கழற்றி பீரோவில் பூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் டிரைவரை நீக்கியதும் திரை அப்படியே உறைந்துவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. சுவிட்சை அணைத்தால் நகல் பாழ்.

கம்ப்யூட்டர் சார் பட்டம் படித்தவர். கேபிளை மாற்றினார். புது டிரைவரை மதுரையிலிருந்து பிளாப்பியில் வரவழைத்தார். வெள்ளிக்கிழமை அவரை மதிக்கவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்தது. சார் "முடிஞ்சிருச்சு" என்ற பிறகும் பெட்டியின் சிவப்பு விளக்கு சில நிமிடம் மினுக்கிக்கொண்டிருக்கும், உள்ளே நகல் இன்னும் ஓடுகிறது என்று. மற்ற நாளில் காபி குடித்துவிட்டுத்தான் டிரைவரை நீக்குவார்கள். அதற்குள் விளக்கு அணைந்துவிடும். வெள்ளியன்று பத்தரைக்கு ராகுகாலம். அதற்கு முன் பெட்டி பீரோவுக்குள் போக வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். காபி அப்புறம்தான். விளக்கு மினுக்கும்போதே டிரைவரை நீக்கிவிடுவார்கள்.

ஒருநாள் துணிந்து, "சார், அந்த லைட்டு நின்ன பெறகு..." என்றேன்.

"வாங்க டாக்டர்! அஞ்சாப்புப் படிச்சவுக கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க வந்துட்டாக!" என்றார் மேனேஜர்.

"வெள்ளிக்கிழமைதான் சார் இவரு தண்ணி ஊத்தித் தரையக் கழுவுறாரு. ஈரம்தான் காரணம்" என்றார் கம்ப்யூட்டர் சார். தப்பிக்க அவருக்கும் ஒரு ஆள் வேண்டுமே.

"அப்படியா? ஏய்யா, அடுத்த வெள்ளியும் மெஷின் நின்னுச்சுன்னா நீ பஞ்சுக் கிடங்குக்குப் போயிரு."

பஞ்சுத் தூசியை என் நெஞ்சு ஒரு வாரம் தாங்காது.

அடுத்த வெள்ளி வந்தது. கழுவாதே என்று யாரும் சொல்லவில்லை, கழுவினேன். மேனேஜர் கம்ப்யூட்டருக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். நான் காபியைக் கொதிக்கக் கொதிக்க வாங்கி வந்து, சார் "முடிஞ்சிருச்சு" என்றதும் தட்டைக் கீபோர்டு மேலேயே வைத்தேன்.

"என்னய்யா பண்ணுற? மணி பத்து இருபத்தெட்டு!" என்றார் மேனேஜர்.

"ஆறிரும் சார். குடிச்சிருங்க."

சார் தட்டை நகர்த்தப் பார்த்தார். தம்ளர் தளும்பியதும் கையை எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அணைந்தபோது ராகுகாலம் பிறந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. தட்டை எடுத்தேன்.

சார் பயந்துகொண்டே டிரைவரை நீக்கினார். திரை உறையவில்லை.

"பாத்தீகளா? ராகுகாலத்துலயே வேலை செய்யுது! எலுமிச்சம்பழம்னா சும்மாவா?" என்றார் மேனேஜர். பட்டதாரி தலையாட்டினார்.

வாராவாரம் பழம் மாற்றுவதும் அன்றிலிருந்து என் வேலையானது. கிடங்குக்கு நான் போகவில்லை. பழம் மாற்ற மறந்த வெள்ளிக்கிழமைகள் உண்டு. காபியை மறந்ததில்லை.