ஆண்கள் தாளில் எழுதிய பெண்

ஓசூர் மருத்துவமனைக்கு வாரம் ஒருநாள் பெங்களூரிலிருந்து மனநோய் டாக்டர் வருவார். அங்கே செவிலியர் பயிற்சி முடித்திருந்த நான், நோயாளிகளை முதலில் விசாரித்து அச்சிட்ட தாளை நிரப்பிக் கொடுப்பேன்.

தாள் இரண்டு வகை. ஆண்களுக்கு: தூக்கம், பசி, வேலை, குடி, அடிதடி. பெண்களுக்கு: தூக்கம், பசி, சமையல், நாணம், குரல், கணவனுக்கு அடங்குதல். இரண்டு வருடம் நிரப்பியும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியை அழைத்து வந்திருந்தார். ராகிக் கொல்லையில் யானை இறங்கினால் அந்தம்மா காவல் பரண் ஏறித் தகரம் தட்டிக் கத்துகிறாராம். போன வாரம் அவர்கள் முதலில் வந்தபோது நானேதான் ‘நாணம் இல்லை, குரல் மிகுதி’ என்று எழுதினேன். அதைப் பார்த்து டாக்டர் பெங்களூரில் சேர்க்க முடிவு செய்துவிட்டார். சேர்ப்பதற்கு இன்று இன்னொரு தாள் வேண்டும். பெண்கள் தாள் தீர்ந்து, ஆண்கள் தாள்தான் மிச்சம் இருந்தது.

“எதுவா இருந்தா என்னம்மா? அதிலேயே எழுதுங்க” என்றார் டாக்டர்.

தூக்கம்: நன்று. பசி: களி மூன்று உருண்டை. வேலை: களை, அறுப்பு, காவல். குடி: இல்லை.

“யார்கூடயாவது அடிதடி உண்டாம்மா?”

“ஆனைகூடத்தாங்க.”

மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். ஒரு குறையும் இல்லை! முகத்தில் காட்டாமல் தாளை டாக்டரிடம் நீட்டினேன்.

படித்தார். “அந்தக் கத்தல்? அதை எழுதலையே?”

“இதுல அதுக்கு இடமில்லீங்க டாக்டர்.”

பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெறுமை. பிறகு கணவரைப் பார்த்தார்.

“ஆனை வர்றப்ப நீ எங்கய்யா இருப்பே?”

“ஊட்லதாங்க.”

டாக்டர் சேர்க்கைச் சீட்டைக் குறுக்கே அடித்தார். “இந்தம்மாவுக்கு நோய் ஒண்ணுமில்ல. கூட்டிட்டுப் போ.”

“கொஞ்சம் மெதுவாக் கத்தச் சொல்லுங்க டாக்டர்” என்றார் கணவர்.

“மெதுவாக் கத்துனா ஆனை போவுமா?” என்றபடியே அந்தம்மா எழுந்துவிட்டார். “கெளம்பு. ராகி நிக்குது, பஸ்ஸு போயிரும்.”

அவர்களோடு நானும் வாசலுக்கு வந்தபோது பஸ் நகரத் தொடங்கியிருந்தது. செவிலியர் ஓடக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது என்பவை பயிற்சியின் முதல் இரண்டு விதிகள். நான் ஓடினேன். கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி, “நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

பஸ் நின்றது.