ஜெனரேட்டரோடு பங்கில் வந்தவர்

எங்கள் கம்பெனி வாசலில் செருப்பு வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் கடைசித் தட்டில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு இன்னும் கிடக்கிறது. தையல் ஹாலுக்குள் போட்டு நடக்கவென்று சிலோன் மாஸ்டர் தனியாக வைத்திருந்தது. அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று வாட்ச்மேன் அதைப் பையில் போட்டுக் கொடுக்கப் போனார். "இருக்கட்டுங்க, வந்து போட்டுக்கறேனுங்க" என்று மாஸ்டர் தடுத்துவிட்டார். ஸ்டாண்டைக் கழுவுகிறவர்கள் அதையும் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள்.

மாஸ்டர் இலங்கைக்காரர், சிங்களவர். எங்கள் பனியன் கம்பெனி வீரபாண்டிப் பக்கம் இருக்கிறது. எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் தரம் போதாது என்று முகத்தைச் சுளித்தபோது, வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் லைனைச் சீர்செய்ய அண்ணன் தம்பி முதலாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை வரவழைத்தார்கள். ஆபீஸில் விசா வேலை என் தலையில் விழுந்தது. இன்ன திறமைக்காக இவர் எங்களுக்குத் தேவை, இங்கே இருக்கும்வரை இவருக்கு நாங்கள் பொறுப்பு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் அந்த விசா கிடைக்கும். எழுதிக் கொடுத்த கம்பெனியைத் தவிர வேறு எங்கும் அவர் வேலை பார்க்கக் கூடாது. தாயில்லாத மகளையும் அவர் கூட்டிவந்தார். மகளின் விசா தகப்பன் விசாவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டெய்லர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றார். யார் யாருக்கு மரியாதை வைப்பது என்ற கணக்கு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. "அக்கா, நூல் அறுந்துட்டாங்க" என்பார். ஹாலே சிரிக்கும். "பாப்பா படிக்கிறாங்க" என்று சொல்லும்போது மட்டும் யாரும் சிரித்ததில்லை, அதைச் சொல்கிற முகம் அப்படி. அந்தப் பெண் பள்ளி விட்டதும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து படிக்கும். ரம்ஜான் மாதத்தில் நான் கொண்டுபோகும் நோன்புக் கஞ்சியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இங்கேயே கல்லூரியில் சேர வேண்டும் என்பதுதான் இருவருக்கும் மூச்சு. "நான் லைனைப் பாத்துட்டேன், போதும். பாப்பா லைன்ல உக்காரக் கூடாதுங்க" என்று அடிக்கடி சொல்வார்.

அந்தப் பெண் பன்னிரண்டாவது படித்த வருடம் தீபாவளி கழிந்ததும் அண்ணனும் தம்பியும் பேச்சு முறிந்து பிரிந்தார்கள். சொத்தை இரண்டு பங்காக்கிச் சீட்டு எழுதி, குலதெய்வத்தின் முன்னால் வைத்து எடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். பழைய கம்பெனிப் பெயரும் கீழ்த்தளமும் பெரிய முதலாளிக்கு விழுந்தன. மேல்மாடி லைன், கட்டிங் டேபிள், ஜெனரேட்டர், அதோடு சிலோன் மாஸ்டர், எல்லாம் சின்ன முதலாளிக்கு. ஆமாம், சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். டெய்லர்கள் லைனோடு போவதுபோல மாஸ்டரும் போவார் என்று நினைத்துவிட்டார்கள். கேள்விப்பட்டு மாஸ்டரே சிரித்தார். "நான் ஜெனரேட்டர் கூடங்க, அக்கா!"

நான் விசா ஃபைலை எடுத்தேன். மேல்மாடி இப்போது வேறு கம்பெனி. விசா பழைய கம்பெனியின் பெயரில். அதை இங்கிருந்தபடியே மாற்ற வழியில்லை என்று விசா அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஊருக்குப் போய்ப் புதிதாக வாங்கி வர வேண்டும். அதற்குள் மகளின் பரீட்சை போய்விடும். ஒரே வழிதான் இருந்தது. பரீட்சை முடியும்வரை பெரியவர் அவரைத் தம் கீழ்த்தளத்திலேயே வேலைக்கு வைத்துக்கொள்வது.

பெரியவரிடம் போனேன். "அவன் பங்குக்குப் போனதுல ஒரு ஊசியக்கூட நான் திருப்பி எடுக்க மாட்டனுங் அம்மணி. சாமி முன்னால எடுத்த சீட்டு. நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?" என்றார். மாடியேறிச் சின்னவரிடம் போனேன். "என்ற பங்குக்கு வந்த ஆளை வெச்சுக்கோன்னு அண்ணங்கிட்டப் போயி நிக்கோணுமா? அது ஆகாதுங்" என்றார். படி ஏறி இறங்கிக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். அந்தப் பெண்ணின் பரீட்சையைப் பற்றி இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேருமே "பாவமுங்க" என்றார்கள். பாவமாம்! அதைச் சொல்ல முதலாளிகள் எதற்கு?

பழைய கம்பெனி அவரை விடுவித்ததாக விசா அலுவலகத்துக்குத் தெரிவித்த பின் நாள் தள்ள முடியவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண் கெமிஸ்ட்ரி புத்தகத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, "பரீட்சைக்கு வந்துடுவேன் ஆன்ட்டி" என்றது. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

சின்னவர் கம்பெனி பெயரில் புது விசாவுக்கு அனுமதி வந்தபோது பரீட்சை முடிந்து, கல்லூரிகளும் திறந்துவிட்டன. சந்தோஷமாகத்தான் போன் போட்டேன். மாஸ்டர்தான் எடுத்தார். கையிருப்பு கரைந்துபோனதையும், அங்கே வேறு பாடத்திட்டம் என்பதால் பள்ளியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னதையும் மெல்லச் சொன்னார். பிறகு, "பாப்பா லைன்ல உக்காந்துட்டாங்க, அக்கா" என்றார். யா அல்லாஹ், அந்த 'ங்க'வை என்னால் தாங்க முடியவில்லை. மகளைத் தனியே விட்டு வரமாட்டேன் என்று முடித்துக்கொண்டார். செருப்பு இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன்.

போன மாதம் சின்னவர் வீட்டுக் கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிவிட்டார்கள். கட்டிப்பிடித்து அழுதார்களாம். இப்போது பெரியவர் காலையில் டீ குடிக்க மாடிக்கே வருகிறார். நேற்று வாசலில் செருப்பைக் கழற்றியவர், கடைசித் தட்டைப் பார்த்து நின்றார்.

"இது யாரு செருப்புங் அம்மணி, சும்மாவே கெடக்குது?"

"யாரு பங்குலயும் சேராததுங்க" என்றேன்.

ஏதோ பகடி என்று நினைத்துச் சிரித்தார். தம் செருப்பை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு மாடியேறிப் போனார்.